பழைய காரின் ஹெட்லைட்டுக்கு வெளிச்சமான ஹாலஜன் பல்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஜென், ஆல்ட்டோ, சான்ட்ரோ, முதலில் வந்த ஸ்விஃப்ட் என்று பத்து, பதினைந்து, இருபது வருஷம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே 12 வோல்ட்டில் எச்4 ஹாலஜன் பல்பு எரியும் வண்டிகள். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பல்பு வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பல்புக்கு வரும் வோல்டேஜ், ஹெட்லைட் கண்ணாடி, ஃபோகஸ் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் இருப்பது எச்4 தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பானட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்பக்கம் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே பல்பு, அதில் மூன்று பின் இருந்தால் அநேகமாக எச்4. டிம், பிரைட் இரண்டும் அந்த ஒரே பல்புக்குள் இருக்கும்: இரண்டு இழை, இரண்டுக்கும் சேர்த்துப் பொதுவான ஒரு பின், இழைக்கு ஒன்றாக இரண்டு பின். பல்பின் உலோக வளையத்தில் 'எச்4', '12 வோல்ட்', '60/55 வாட்' என்று பொறித்திருக்கும். பிரைட் 60 வாட், டிம் 55 வாட்.

டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பல்பு இருந்தால் அது எச்7, எச்1, எச்11 போன்ற வேறு வகையாக இருக்கும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. ரொம்பப் பழைய சில வண்டிகளில் ஹாலஜனே இல்லாத 45/40 வாட் ஆர்2 பல்பு இருக்கும். அதன் அடிப்பாகம் பி45டி, எச்4-இன் அடிப்பாகம் பி43டி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சரியாக உட்காராது. கடைக்காரர் "தட்டி உள்ளே தள்ளிடலாம் சார்" என்பார். வேண்டாம்.

வாங்கிய புதுசில் நன்றாகத்தானே தெரிந்தது? இப்போது ஏன் இவ்வளவு மங்கல்?

ஒரே காரணம் இருப்பது அபூர்வம். நாலைந்து சின்னச் சின்ன இழப்புகள் சேர்ந்துதான் பாதி வெளிச்சத்தைத் தின்றிருக்கும்.

பல்புக்குள் டங்ஸ்டன் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு அந்த டங்ஸ்டனைப் பிடித்துத் திரும்ப இழையிடமே கொண்டுவந்து சேர்க்கும். அதனால்தான் ஹாலஜன் பல்பின் கண்ணாடி சாதா பல்பு போலக் கறுத்துப்போவதில்லை. ஆனால் போன இடத்துக்கே டங்ஸ்டன் திரும்பாது, இழை ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் தடித்து, லேசாகத் தொய்ந்துபோகும். வெளிச்சம் குறையும்.

அப்புறம் ஒயரிங். இருபது வருஷ ஒயர், பச்சை பூத்த கப்ளர் (ஒயரைச் செருகும் இணைப்பு), துருப்பிடித்த பாடி எர்த் (வண்டியின் உடம்போடு சேரும் மைனஸ் இணைப்பு), தேய்ந்த ஸ்விட்ச் காண்டாக்ட். ஒவ்வொன்றும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் கண்ணாடி. பிளாஸ்டிக் லென்ஸ் வெயிலில் மஞ்சளாகி மங்கிவிடும். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளி நிறப் பூச்சும் மங்கியிருக்கலாம்.

கடைசியாக, ஓட்டுபவரின் கண்ணுக்கும் அதே இருபது வருஷம் கூடியிருக்கிறது. ஐம்பது வயதுக் கண்ணுக்கு முப்பது வயதுக் கண்ணைவிட அதிக வெளிச்சம் தேவை. முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். எதிர் வண்டி வெளிச்சம் பரவிக் கூசுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அவ்வளவு குறைந்துவிடுமா?

குறையும், அதுவும் நினைப்பதைவிட அதிகமாக. இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் நடப்பதில்லை. வோல்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்காக ஏறி இறங்கும்.

எச்4 பல்பைச் சோதிக்கும் சர்வதேச விதி 13.2 வோல்ட்டை அடிப்படையாக வைத்திருக்கிறது. அந்த வோல்டேஜில் பிரைட் 1650 லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு), டிம் 1000 லூமென் தர வேண்டும். அதே பல்புக்கு 12 வோல்ட் மட்டும் போய்ச் சேர்ந்தால் சுமார் 72 சதவீத வெளிச்சம்தான் கிடைக்கும். 11.5 வோல்ட் என்றால் 63 சதவீதம். 12 வோல்ட்டிலேயே பாருங்கள்: வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை, வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

இதையே திருப்பிப் பாருங்கள். 12-இல் நிற்கும் பல்பை 13.2-க்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் 38 சதவீதம் கூடும். கடையில் எந்த டப்பாவைப் பிரித்தாலும் உண்மையில் இவ்வளவு தரும் பல்பு கிடைக்காது.

அதை நானே அளக்க முடியுமா?

முடியும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் டிம்மில் எரியும்போது முதலில் பேட்டரி முனைகளில் அளந்துகொள்ளுங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரி. 13-க்குக் கீழே என்றால் முதலில் அதைப் பாருங்கள், பல்பு பேச்சே அப்புறம்தான்.

அடுத்து பல்பின் பின்பக்கக் கப்ளரில் அளக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுவது. கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜே காட்டும், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று எலக்ட்ரீஷியனும் சொல்லிவிடுவார். மின்சாரம் ஓடாதபோது இழப்பும் இருக்காது. பல்பு மாட்டி எரிந்துகொண்டிருக்கும்போது, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும்.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்கில் வேலை இருக்கிறது. இழப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பல்பின் பிளஸ் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது பிளஸ் பக்க இழப்பு. அதேபோல பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் நடுவே. எர்த் பக்கம் அதிகம் என்றால் பாடியில் எர்த் ஒயர் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முறுக்கினாலே பல நேரம் சரியாகிவிடும்.

ரிலே கிட் போடச் சொல்கிறார்களே, அது எதற்கு?

பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே சுற்றிக்கொண்டு போகும். டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல். மெல்லிய ஒயர், நீண்ட வழி, நடுவில் அரை டஜன் இணைப்பு. ரிலே என்பது மின்சாரத்தாலேயே இயங்கும் ஒரு சின்ன ஸ்விட்ச். அதைப் போட்டால் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகப் போய்விடும். ஸ்விட்ச்சின் ஆயுளும் கூடும்.

எச்4-க்கான ரெடிமேட் கிட் எல்லா ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைக்குக் கடை. அதிலும் தரம் பார்க்க வேண்டும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மேல் உறை மட்டும் தடிமனாக, உள்ளே நாலு இழை செம்பு இருக்கும் கிட்டுகள் உண்டு. பேட்டரி முனைக்கு ரொம்ப அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து ஒயர் இழுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள், எங்காவது உரசினால் தீப்பிடிக்கும். பல்பு ஹோல்டர் பீங்கானில் இருந்தால் நல்லது.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பல்புக்குப் போவது, 85-உம் 86-உம் ஸ்விட்ச் இயக்கும் கம்பிச்சுருளின் (காயில்) இரண்டு முனைகள். பழைய ஒயரை வெட்டாமல், பழைய ஹெட்லைட் கப்ளரிலேயே கிட்டின் முனையைச் செருகச் சொல்லுங்கள். பின்னால் பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில பழைய வண்டிகளில் பல்புக்கு பிளஸ் எப்போதும் இருக்கும், ஸ்விட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். அந்த வண்டிகளில் சாதாரண கிட்டை அப்படியே செருகினால் வேலை செய்யாது, அல்லது டாஷ்போர்டில் நீல பிரைட் விளக்கு ஏடாகூடமாக எரியும். விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றிக் கொடுத்துவிடுவார்.

90/100 வாட் பல்பு போட்டால் ஒரே அடியில் முடிந்துவிடாதா?

நெடுஞ்சாலையோரக் கடைகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதுதான். போட்ட அன்று வெளிச்சம் கூடியதுபோலவும் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் ஒயரிங்கில் 55 வாட் பல்புக்கு ஒன்றரை வோல்ட் இழப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்புக்கும் சேர்த்து 9.5 ஆம்பியர் ஓடுகிறது, ஒயரிலும் கப்ளரிலும் 14 வாட் சூடாக வீணாகிறது. அதே ஒயரில் 90 வாட் ஜோடியைப் போட்டால் மின்சாரம் 15 ஆம்பியரைத் தொடும். இழப்பு 2.4 வோல்ட் ஆகும். பேட்டரியில் 14 இருந்தாலும் பல்புக்கு 11.6 தான் போகும். வீணாகும் சூடு 36 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, அதுவும் பெரும்பகுதி ஏதோ ஒரு பழைய கப்ளருக்குள். மெக்கானிக் கடைகளில் பழுப்பேறி உருகிய எச்4 கப்ளர்கள் கிடப்பது இதனால்தான்.

"சரி, ரிலே போட்டுக்கொண்டு 90/100 போட்டால்?" ஒயரிங் தாங்கும். ரிஃப்ளெக்டர் தாங்க வேண்டுமே. கண்ணாடி முகப்பும் தகர ரிஃப்ளெக்டரும் உள்ள பழைய வட்ட ஹெட்லைட் கொஞ்ச காலம் தாங்கலாம். பிளாஸ்டிக் லென்ஸ், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உள்ள வண்டியில் பூச்சு கருகிப் பொரிந்துவிடும். ஹெட்லைட்டையே மாற்ற வேண்டிவரும்.

இதற்கெல்லாம் மேலே, எச்4 என்ற அங்கீகாரமே 60/55 வாட்டுக்குத்தான். அதற்கு மேற்பட்ட பல்பு சாலையில் ஓடும் வண்டிக்கானது இல்லை. எதிரே பைக்கில் வருகிறவருக்கு அந்த 90 வாட் 'டிம்' என்ன செய்யும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

டப்பாவில் '130% கூடுதல் வெளிச்சம்', '150%' என்று போட்டிருக்கிறதே, பொய்யா?

பொய் இல்லை. ஆனால் நாம் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் உண்மையும் இல்லை.

முதலில், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? பெரும்பாலும் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு. உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் நல்ல சாதா பல்போடு அல்ல. சாதா பல்பே அந்தக் குறைந்தபட்சத்தை நன்றாகத் தாண்டித்தான் இருக்கும்.

அடுத்து, எந்த இடத்தில் அளக்கிறார்கள்? சாலையில் தூரத்தில் உள்ள குறிப்பிட்ட ஒரு பகுதியில். மொத்த வெளிச்சத்தை அல்ல. மொத்தத்தைக் கூட்டவும் முடியாது: விதிப்படி டிம் 1000 லூமென், கூடக் குறைய 15 சதவீதம். '150%' பல்பும் அந்த வேலிக்குள்தான் நிற்க வேண்டும்.

அப்படியானால் எப்படித்தான் தூரத்தில் வெளிச்சம் கூடுகிறது? இழையைச் சிறிதாக, நெருக்கமாகச் சுற்றி, மிகத் துல்லியமான இடத்தில் வைக்கிறார்கள். உள்ளே அதிக அழுத்தத்தில் செனான் வாயு அடைக்கிறார்கள். சின்ன இடத்திலிருந்து அதே வெளிச்சம் வருவதால் ரிஃப்ளெக்டர் அதைக் கூர்மையாகக் குவிக்கிறது. சாலையில் நடுப்பகுதியின் வெளிச்சம் கூடுகிறது, ஓரங்கள் கொஞ்சம் குறையலாம்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெளிச்சம் இரு மடங்கானாலும் பார்க்கும் தூரம் இரு மடங்காகாது. தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வெளிச்சம் குறைவதால் 1.4 மடங்குதான் கிடைக்கும். 30 சதவீதம் கூடினால் தூரம் 14 சதவீதம் கூடும். 50 மீட்டரில் தெரிந்த மாடு 57 மீட்டரில் தெரியும். அந்த ஏழு மீட்டருக்கும் மதிப்பு உண்டு, காசு கொடுக்கலாம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு விலை ஆயுளில் போகும். இழை அதிகச் சூட்டில் எரிவதால் சாதா பல்பைவிட வெகு சீக்கிரம் ப்யூஸ் போகும். தினமும் இரவில் ஓட்டுபவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கலாம்.

வெள்ளையாக, லேசான நீலமாக எரியும் ஹாலஜன் பல்பு நல்லதா?

பார்க்க நன்றாக இருக்கும். பார்ப்பதற்கு உதவாது.

சாதா ஹாலஜன் ஏறத்தாழ 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அதை 4000, 5000 கெல்வின் போலக் காட்ட ஒரே வழி, கண்ணாடியில் நீலப் பூச்சு பூசி மஞ்சள், சிவப்பு வெளிச்சத்தை வடிகட்டுவது. வடிகட்டிய வெளிச்சம் சாலைக்கு வராது. ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக எரிய வைப்பார்கள், ஆயுள் மேலும் குறையும். ஈரத் தார்ச்சாலையில் இவற்றின் குறை பளிச்சென்று தெரியும்.

நல்ல கம்பெனிகளின் '130', '150' பல்புகளிலும் ஒரு சின்ன நீலப் பட்டை இருக்கும், அதைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். முக்கியமான வெளிச்சம் போகும் வழியைத் திறந்து விட்டுத்தான் அந்தப் பட்டையைப் பூசியிருப்பார்கள். முழுப் பல்பும் நீலமாக இருப்பதுதான் தவிர்க்க வேண்டியது.

மழைக்கும் பனிக்கும் மஞ்சள் பல்பு?

மஞ்சளில் கண் கூச்சம் குறைவு என்று பலர் உணர்கிறார்கள், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தினமும் ஓட்டுபவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் இதுவும் வடிகட்டிதான், மொத்த வெளிச்சம் கூடாது. பனியில் உதவுவது நிறத்தைவிட, தாழ்வாகப் பொருத்திய ஃபாக் விளக்கு. ஹெட்லைட்டைப் பிரைட்டில் வைக்காமல் இருப்பதும் அதே அளவுக்கு உதவும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கட்டும்?

ஒயரிங்கில் இழப்பு இருந்து, ரிலே போடுவதாக இருந்தால்: பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற நல்ல கம்பெனியின் சாதா 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி, அல்லது '30%' வகை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

ரிலே போட்ட பிறகும் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறீர்கள், அடிக்கடி மாற்றுவது பரவாயில்லை என்றால்: '130%' அல்லது '150%' வகை. ஒன்றைக் கவனியுங்கள். ரிலேக்குப் பிறகு பல்புக்கு 13.8 வோல்ட் வந்தால், ஏற்கெனவே குறைவான ஆயுள் இன்னும் பாதியாகிவிடும். 

ஒயரிங்கைத் தொடவே விருப்பமில்லை என்றால் '130%' பல்பு ஏதோ கொஞ்சம் ஈடுகட்டும். அரைகுறை வைத்தியம்தான்.

எதுவானாலும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் கிளம்பத் தயாராக இருக்கும், இரண்டு பக்கமும் வேறு வேறு வெளிச்சமாக எரிவதும் தொல்லை.

போலிப் பல்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரபல கம்பெனிகளின் பெயரில் போலி நிறைய உலவுகிறது. டப்பாவில் இருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டை ஃபோனில் ஸ்கேன் செய்து பாருங்கள். பல்பின் அடியில் அச்சு மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் எண்ணும் இருப்பது ஐரோப்பிய அங்கீகாரம். கூடவே 'யூ' எழுத்து இருந்தால் அந்தக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை. பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள வண்டிக்கு இது அவசியம். மலிவுப் பல்பு உள்ளிருந்தே லென்ஸை மஞ்சளாக்கிவிடும்.

விலை பாதி என்றால் ஏன் பாதி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பல்பைக் கையால் தொடக்கூடாது என்பது உண்மையா?

உண்மை. எரியும்போது அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி பல நூறு டிகிரிக்குச் சூடாகும். விரலின் எண்ணெய், உப்பு படிந்த இடம் மட்டும் வேறு விதமாகச் சூடேறி, கண்ணாடி பலவீனமாகும். உலோக அடிப்பாகத்தைப் பிடித்து மாட்டுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டலாம்.

மாட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எச்4-இன் வளையத்தில் மூன்று நாக்குகள் இருக்கும், மேலே வருவது மட்டும் அகலமானது. ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்கார்ந்த பிறகு ஆட்டிப் பார்த்தால் அசையக்கூடாது. கம்பி கிளிப் தளர்ந்திருந்தால் பல்பு சாய்ந்து, டிம் வெளிச்சமே எதிராளியின் முகத்தில் அடிக்கும். பின்னால் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே ரிஃப்ளெக்டர் பாழ்.

டிம்மில்தான் போகிறேன், ஆனாலும் எதிரே வருகிறவர்கள் எனக்கு டிம் அடித்துக் காட்டுகிறார்கள். ஏன்?

ஃபோகஸ் மேலே ஏறியிருக்கிறது, அல்லது மேலே சொன்னபடி பல்பு சரியாக உட்காரவில்லை.

டிம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். எச்4-க்குள் டிம் இழைக்குக் கீழே கரண்டி போன்ற ஒரு சின்ன உலோக மறைப்பு இருக்கிறது. அது இழையின் வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்புகிறது, மேல்பாதி அதைக் கீழ்நோக்கிச் சாலைக்குத் திருப்புகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் தெளிவான கோடு தெரியும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏறும், ஓரத்தில் நடப்பவரும் பலகையும் தெரிவதற்காக.

ஃபோகஸ் பார்ப்பது சுலபம். சமதளத்தில் சுவரைப் பார்த்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொண்டு, வெளிச்சக் கோடு அதைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழுமாறு ஹெட்லைட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் திருப்புங்கள். 10 மீட்டர் தள்ளி நின்றால் 10 சென்டிமீட்டர். ஏற்றம் கூடினால் எதிரே வருபவருக்குக் கூசும், இறக்கம் கூடினால் உங்களுக்கே சாலை தெரியாது. "பல்பே சரியில்லை" என்று வரும் வண்டிகளில் சில, ஃபோகஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிகள்.

லென்ஸ் மஞ்சளாகிவிட்டது. பற்பசை தேய்த்தால் போகுமா?

கொஞ்சம் போகும், சில வாரத்தில் திரும்ப வரும். தேய்க்கும்போது கம்பெனி பூசிய புற ஊதாத் தடுப்புப் பூச்சும் மிச்சமின்றிப் போய்விடுவதுதான் காரணம். நீர் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே கிளியர் கோட் அடித்தால்தான் நிற்கும். மாருதி 800 மாதிரி கண்ணாடி முகப்பு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ரிஃப்ளெக்டர் உள்ளே கறுத்திருந்தால் மட்டும் எந்தப் பாலிஷும் உதவாது, ஹெட்லைட்டை மாற்றுவதுதான் வழி.

இவ்வளவு எதற்கு, எல்இடி பல்பு போட்டுவிட்டால்?

எச்4 ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஒரு சின்ன இழைக்காக வடிவமைத்தது. எல்இடியில் வெளிச்சம் தட்டையான பலகையின் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. மலிவான எல்இடியில் அந்தச் சுவர்க் கோடு கலைந்துபோகும். முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பட்டப்பகல் போல இருக்கும், தூரம் இருட்டு. பக்கத்தில் அதிக வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டுபவருக்கு மட்டும் "சூப்பரா இருக்கு" என்று தோன்றும்.

நல்ல எல்இடி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 2020 முதல், குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும், ஒவ்வொரு ஹெட்லைட்டாகச் சோதித்து ஓஸ்ராமின் மாற்று எல்இடியை அனுமதித்தார்கள். மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கடையில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்பது அந்த வகை அல்ல.

ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் கூச்சம் போய்விடுமா?

தமிழ்நாட்டில் போக்குவரத்துப் போலீஸ் வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எச்4 பல்பின் நுனியிலேயே கறுப்பு பூசியிருக்கிறது, நேராக முன்னால் பாயும் வெளிச்சத்தை அதுவே மறைத்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரிலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸ் முழுவதும் பரவி வருவதால், நடுவில் ஒரு பொட்டு மொத்தத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, மேலே ஏறிய ஃபோகஸை இறக்காது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி கேட்பதும் வெளிச்சம் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்பதைத்தான்.

துபாயிலிருந்து உறவினர் கொண்டுவரும் பல்பு இங்கே பொருந்துமா?

பல்பு பொருந்தும். எச்4 எல்லா நாட்டிலும் ஒன்றுதான். முழு ஹெட்லைட்டாக வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் வெளிச்சக் கோடு வலப்பக்கம் ஏறும், அதாவது இங்கே எதிரே வருகிறவர் கண்ணுக்கு.

நல்ல பல்பு, ரிலே, ஃபோகஸ் எல்லாம் செய்துவிட்டேன். இனி இரவில் 100-இல் போகலாமா?

டிம்மில் வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எதையோ பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் 33 மீட்டர். நல்ல டயர், காய்ந்த சாலை, முழு பிரேக் என்றாலும் நிற்க இன்னொரு 35 மீட்டர். மொத்தம் 68. நல்ல நிலையில் உள்ள எச்4 டிம்மில், கறுப்புச் சட்டை போட்டு சைக்கிளில் போகிறவர் அவ்வளவு தூரத்தில் தெரிய மாட்டார். 60-இல் போனால் மொத்தம் 45 மீட்டரில் நிற்கலாம். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போடுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது.

ஸ்பேர் பல்பு வைத்துக்கொள்ள வேண்டுமா?

வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஜோடியில் நல்லதாக உள்ள ஒன்று போதும், அதன் டப்பாவிலேயே போட்டு, துணியில் சுற்றி கையுறைப் பெட்டியில் வையுங்கள். கூட ஒரு ஃபியூஸும் சின்ன டார்ச்சும். பகலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் பேட்டரியை நகர்த்தாமல் அந்தப் பக்கத்துப் பல்புக்குக் கை போகாது. அதை நடுராத்திரியில், உளுந்தூர்பேட்டை தாண்டிக் கண்டுபிடிக்க வேண்டாம்.